ஹெட்டர் மாற்றியபின் அணையாத எஞ்சின் விளக்கு: பி0171-உம் பி0420-உம் சேர்ந்து வந்தால்

கேள்வியின் சுருக்கம் இது. 2016 மாடல் பி.எஸ்.4 பெட்ரோல் செடான், 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது. எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் கம்பெனி மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக 4-2-1 ஸ்டெயின்லெஸ் ஹெட்டர் (நான்கு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகும் அமைப்பு), அதன் பின்னால் 200 செல் ஸ்போர்ட்ஸ் கேட்கான் (புகையின் மாசைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்), கடைசியில் ஃப்ரீ ஃப்ளோ மஃப்ளர் போட்டாயிற்று. நான்காம் நாள் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0171, பி0420 என இரண்டு கோடுகள், அதாவது பழுதைச் சொல்லும் எண்கள். அழித்துப் பார்த்தார்கள், திரும்ப வந்தது. பின் ஆக்ஸிஜன் சென்சாரைப் புதிதாக மாற்றினார்கள், அப்போதும் வந்தது. இப்போது "பின் சென்சாருக்கு ஸ்பேசர் போடலாம், இல்லாவிட்டால் ரீமேப்பில் (எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி) அணைத்துவிடலாம்" என்கிறார்கள். எதைச் செய்வது?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பி0171 என்பது எஞ்சினுக்குள் பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் இருப்பதாக ஈ.சி.யூ. (எஞ்சின் கணினி) கணக்கிடுகிறது என்று பொருள். பி0420 என்பது கேட்கான் தன் வேலையைப் போதுமான அளவு செய்யவில்லை என்று பொருள். இவை ஒன்றாக வந்தால் எப்போதும் முதலாவதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். ஹெட்டரில் ஒரு சிறு கசிவு இருந்தாலே இரண்டு கோடும் வந்துவிடும். கசிவோடு ஓடும் காரில் கேட்கானைப் பற்றி எடுக்கும் எந்த முடிவும் நம்பத்தக்கதல்ல. சென்சார் மாற்றிய காசு வீணானதும் இந்த வரிசை தவறியதால்தான்.

முன் சென்சார், பின் சென்சார் இரண்டும் என்ன செய்கின்றன என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்கானுக்கு முன்னால் இருப்பது எரிபொருள் கலவையைத் திருத்துவதற்கு. அதன் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். 0.45-க்குக் கீழே இருந்தால் புகையில் ஆக்ஸிஜன் மிச்சம், மேலே இருந்தால் பெட்ரோல் மிச்சம். கேட்கானுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் காவல்காரன். கேட்கானின் உள்பூச்சில் இருக்கும் சீரியம் ஆக்சைடு ஆக்ஸிஜனை வாங்கி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது விடும். அதனால் முன்னால் எவ்வளவு ஆட்டம் இருந்தாலும் பின்னால் வரும் புகை நிதானமாகிவிடும். பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட் அளவில் ஏறக்குறைய நேர்கோடாக நிற்கும். பின் சென்சாரும் முன்னதைப் போலவே ஆட ஆரம்பித்தால், நடுவில் ஆக்ஸிஜனைச் சேமிக்க ஆளில்லை என்று ஈ.சி.யூ. புரிந்துகொள்கிறது. அதுதான் பி0420.

சில கார்களில் முன்னால் இருப்பது வைட்பேண்ட் சென்சார். அதன் கப்ளரில் ஐந்து அல்லது ஆறு வயர் வரும், ஸ்கேனரில் லாம்டா (சரியான கலவையை 1 என்று வைத்த காற்று விகிதம்) அல்லது மில்லி ஆம்பியராகக் காட்டும். நான் சொல்லும் வோல்டேஜ் அளவுகள் நான்கு வயர் சாதாரண சென்சாருக்கு உரியவை.

பழுதுக் கோடுகளை அழிக்காதீர்கள்

கோடை அழித்தால் அதோடு ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். விளக்கு எரிந்த அந்தக் கணத்தில் எஞ்சின் சூடு, ஆர்.பி.எம்., வேகம், லோடு, ஃப்யூயல் ட்ரிம் (ஈ.சி.யூ. பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்ற அளவு) என்ன என்பதை ஈ.சி.யூ. படம் பிடித்து வைத்திருக்கும். அதுதான் கையில் இருக்கும் முதல் சாட்சி. ஒரு புளூடூத் ஓ.பி.டி. அடாப்டரும் கைப்பேசிச் செயலியும் போதும். டாஷ்போர்டின் கீழ் 16 பின் சாக்கெட்டில் செருகி, ஃப்ரீஸ் ஃப்ரேம் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பி0171-இன் படம் ஐட்லிங்கில் விழுந்திருந்தால் கசிவு என்ற சந்தேகம் வலுக்கிறது. 3,000 ஆர்.பி.எம்.-க்கு மேல் நல்ல லோடில் விழுந்திருந்தால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், காற்று அளக்கும் சென்சார் பக்கம் பார்க்க வேண்டும்.

விளக்கு மூன்றாம் நாள், நான்காம் நாள் எரிவதும் இயல்பு. இந்த இரண்டு கோடுகளும் பெரும்பாலான கார்களில் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தவறு தெரிந்தால்தான் விளக்கை ஏற்றும். முதல் ஓட்டத்தில் 'பெண்டிங்' என்று மட்டும் பதிவாகும். ஆகவே "வேலை முடிந்த அன்று எரியவில்லையே, நாங்கள் போட்டது சரிதான்" என்ற வாதம் நிற்காது.

விளக்கு நிலையாக எரியாமல் கண் சிமிட்டினால் கதை வேறு. அது மிஸ்ஃபயர் நடந்துகொண்டிருப்பதற்கான எச்சரிக்கை. எரியாத பெட்ரோல் கேட்கானுக்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் தேன்கூட்டையே உருக்கிவிடும். அப்படிச் சிமிட்டினால் ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஓரமாக நிறுத்தி, பி0300 வரிசைக் கோடுகளைப் பாருங்கள். ஹெட்டர் மாற்றும்போது காயில் கப்ளர் தளர்ந்திருக்கலாம், அல்லது ஹீட் ஷீல்டு இல்லாத ஹெட்டரின் சூட்டில் பக்கத்து வயர் உருகியிருக்கலாம்.

ட்ரிம்மைப் படிப்பது

எஞ்சின் நன்றாகச் சூடானபின், ஏசி அணைத்து, ஷார்ட் டெர்ம் ட்ரிம், லாங் டெர்ம் ட்ரிம் இரண்டையும் கூட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் ஐட்லிங்கில், பிறகு 2,500 ஆர்.பி.எம்.-இல் ஒரு நிமிடம் பிடித்து, பிறகு சாலையில் நான்காம் கியரில் 60 கி.மீ. வேகத்தில். கூட்டுத்தொகை பிளஸ் மைனஸ் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை.

இங்கே ஒரு கணக்கை மறந்துவிடக் கூடாது. இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சரியான காற்று விகிதம் ஏறக்குறைய 14.1, 20 சதவீதக் கலப்புக்கு 13.5. அதாவது அதே காற்றுக்கு 4 சதவீதத்துக்கும் சற்று மேல் கூடுதல் எரிபொருள் தேவை. 2016 காரில் எந்தக் கோளாறும் இல்லாமலே ட்ரிம் +4, +5 என்று நிற்பதற்கு இது போதும். ஹெட்டர் மாற்றுவதற்கு முன் எடுத்த அளவு இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் இந்த நான்கைந்து சதவீதத்தை எரிபொருளின் கணக்கில் எழுதிவிட்டு மிச்சத்துக்குக் காரணம் தேடுங்கள்.

ஐட்லிங்கில் +18, 2,500-இல் +6 என்று வந்தால் வெளிக்காற்று எங்கோ நுழைகிறது. ஆர்.பி.எம். ஏறும்போது மொத்தப் புகையின் அளவு கூடுவதால், அதே ஓட்டை வழியாக வரும் காற்றின் பங்கு சிறுத்துப்போகிறது. இதே படம் இன்டேக் பக்கத்து வேக்கம் கசிவிலும் வரும். பிரிக்க எளிய வழி: ஐட்லிங்கில் இன்டேக் கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் ஹோஸ், பி.சி.வி. ஹோஸ் ஓரங்களில் கார்ப் கிளீனரைச் சிறிதளவு அடிப்பது. ஷார்ட் டெர்ம் ட்ரிம் உடனே சரிந்தால் கசிவு இன்டேக்கில். எதுவும் அசையாவிட்டால் சைலன்சர் பக்கம் வாருங்கள். சூடான ஹெட்டர் அருகே இருந்தால் கார்ப் கிளீனர் தீப்பிடிக்கும். ஹெட்டரும் இன்டேக்கும் ஒரே பக்கம் இருக்கும் எஞ்சினில் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம், இன்டேக்குக்குள் புகை விட்டுப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட்டே பாதுகாப்பு.

ஐட்லிங்கில் சரியாக இருந்து லோடு ஏற ஏற ட்ரிம் ஏறினால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். ஹெட்டரோடு சேர்த்து எண்ணெய் தடவிய கோன் ஃபில்டரும் போட்டிருந்தால், அந்த எண்ணெய் காற்று அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சாரின் கம்பியில் படிந்து காற்றைக் குறைத்துக் காட்டும். எம்.ஏ.எஃப். கிளீனர் ஸ்ப்ரேயால் கழுவி, காயவிட்டு, மீண்டும் அளந்து பாருங்கள். எம்.ஏ.எஃப். இல்லாமல், இன்டேக் அழுத்தத்தை அளக்கும் எம்.ஏ.பி. சென்சாரை வைத்துக் காற்றைக் கணக்கிடும் கார்களில் இன்னொன்று நடக்கும். ஹெட்டரால் சிலிண்டர் நிரம்பும் அளவே நடு ஆர்.பி.எம்.-இல் மாறிவிடும், ஈ.சி.யூ.விடம் இருக்கும் அட்டவணை பழைய மேனிஃபோல்டுக்கு உரியது. அப்படிப்பட்ட காரில் கசிவே இல்லாமல் ஒரு பகுதியில் மட்டும் ட்ரிம் ஐந்தாறு சதவீதம் நகர்வது தவறல்ல.

கசிவைத் தேடுவது

உள்ளே அழுத்தத்தோடு புகை போகும் குழாயில் ஓட்டை இருந்தால் புகைதானே வெளியே வரும், காற்று எப்படி உள்ளே போகும் என்று பலரும் கேட்பார்கள். புகை சீராக ஓடுவதில்லை. எக்ஸாஸ்ட் வால்வு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஓர் அழுத்த அலை கிளம்புகிறது, அதன் வாலில் ஒரு வெற்றிட அலை வருகிறது. அழுத்தத்தில் புகை வெளியேறும், வெற்றிடத்தில் வெளிக்காற்று உள்ளே இழுபடும். முன் சென்சாருக்கு முன்னால் இப்படிக் காற்று நுழைந்தால், சென்சார் "ஆக்ஸிஜன் அதிகம்" என்று சொல்லும், ஈ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டும். எஞ்சின் உண்மையில் அதிக பெட்ரோலில் ஓடிக்கொண்டிருக்கும். மைலேஜ் குறையும், பிளக் கருக்கும், அந்தக் கூடுதல் பெட்ரோலும் நுழைந்த காற்றும் கேட்கானில் சந்தித்து எரிந்து அதைச் சூடேற்றிக் கெடுக்கும். முன் சென்சாருக்கும் பின் சென்சாருக்கும் நடுவில் கசிந்தால் பின் சென்சார் தாழ்ந்த வோல்டேஜ் காட்டும், பி0137, பி2096, பி0420 எல்லாம் வரும். பின் சென்சாரைத் தாண்டி ஓரடிக்கு மேல் தள்ளிக் கசிந்தால் விளக்குக்குப் பெரும்பாலும் சம்பந்தமில்லை, சத்தம் மட்டும்தான்.

முதல் சோதனை காதால். காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது பானெட்டைத் திறந்து கேளுங்கள். 'டிக் டிக்' என்று ஆர்.பி.எம்.-ஓடு சேர்ந்து ஒலித்து, இரண்டு மூன்று நிமிடத்தில் சூடேறியதும் மறைந்தால், ஹெட்டரை எஞ்சினோடு இணைக்கும் ஃபிளேஞ்ச் தகட்டின் கேஸ்கெட் கசிகிறது. உலோகம் விரிந்து ஓட்டையை அடைத்துக்கொள்வதால் ஒர்க் ஷாப்பில் சூடான காரில் யாருக்கும் கேட்பதில்லை. ஒரு மீட்டர் ரப்பர் ஹோஸை ஒரு முனை காதில், மறுமுனை ஃபிளேஞ்ச் ஓரமாக நகர்த்தினால் இடம் தெரிந்துவிடும். ஃபேனிடமும் பெல்ட்டிடமும் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சோதனை சோப்புத் தண்ணீர். கார் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது செய்ய வேண்டும். வேக்கம் கிளீனரின் ஊதும் வாய்க்குக் குழாயை மாட்டி, மஃப்ளர் வாயில் துணி சுற்றிச் செருகுங்கள். இரட்டை வாய் இருந்தால் மற்றதை அடைத்துவிடுங்கள். கம்ப்ரஸர் காற்றை நேராக விட வேண்டாம், இதற்கு மென்மையான அழுத்தமே போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, ஸ்ப்ரே பாட்டிலால் ஹெட்டர் ஃபிளேஞ்ச், நான்கும் இரண்டாகச் சேரும் இடம், இரண்டும் ஒன்றாகும் கலெக்டர், சென்சாரைத் திருகும் வளையமான போஸைச் சுற்றியுள்ள வெல்டு, ஃப்ளெக்ஸ் பைப்பின் இரு முனை, கேட்கானின் இரு முனை வெல்டு என்று வரிசையாக அடியுங்கள். நுரை பொங்கும் இடம்தான் கசிவு. வால்வு திறந்திருக்கும் சிலிண்டர் வழியாக ஏர் ஃபில்டர் பக்கம் லேசாக 'உஸ்' என்று கேட்பது இயல்பு, அதைக் கசிவு என்று எண்ண வேண்டாம். சில ஹெட்டர்களில் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகி ஸ்பிரிங்கால் பிடிக்கப்பட்டிருக்கும். அவை குளிரில் கொஞ்சம் கசிவது அந்த வடிவமைப்பின் குணம். அப்படிப்பட்ட இணைப்பு சென்சாருக்கு முன்னால் இருந்தால் பற்றவைத்து மூடுவதே நல்லது.

ஹெட்டர் ஃபிளேஞ்சில்தான் கசிவு என்று தெரிந்தால், வெறுமனே நட்டை இறுக்கி அனுப்பிவிடாதீர்கள். மலிவான ஹெட்டர்களின் ஃபிளேஞ்ச் 6 மி.மீ. தகட்டில் வெட்டியிருப்பார்கள். நான்கு குழாயையும் வெல்டு செய்யும் சூட்டில் அது வில்லாக வளைந்துவிடும். நடுவில் ஒட்டும், ஓர சிலிண்டர்களில் ஒட்டாது. கழற்றி, நேர்சட்டம் வைத்து ஃபீலர் கேஜால் பாருங்கள். 0.2 மி.மீ. இலை எளிதாக நுழைந்தால் லேத்தில் கொடுத்து முகத்தைச் சமமாக்க வேண்டும். கேஸ்கெட் ஒருமுறை நசுங்கினால் அவ்வளவுதான், பழையதைத் திரும்பப் போடவோ இரண்டை அடுக்கவோ கூடாது. கம்பெனி தரும் அடுக்கு எஃகு கேஸ்கெட் ஹெட்டரின் துளைக்குப் பொருந்தினால் அதையே வாங்குங்கள். ஹெட்டர் துளை பெரிதாக இருந்து கேஸ்கெட் விளிம்பு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அது விரைவில் எரிந்து போகும்.

இறுக்குவது நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றில். 8 மி.மீ. ஸ்டட்டுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவே முடிவானது. கழற்றும்போது ஸ்டட் கூடவே வந்துவிட்டால் புது ஸ்டட், புது லாக் நட். மூன்று நான்கு முறை சூடாகி ஆறியபின், குளிர்ந்த நிலையில் மீண்டும் ஒருமுறை அதே டார்க்கில் பாருங்கள். இந்த மறு இறுக்கத்தைச் செய்யாததால் இரண்டாம் வாரம் திரும்பி வரும் கார்கள் ஏராளம். குழாயைத் தாங்கும் பிராக்கெட்டையும் ரப்பர் ஹேங்கரையும் பாருங்கள். ஃப்ளெக்ஸ் பைப் இல்லாமல் எஞ்சினிலிருந்து மஃப்ளர் வரை ஒரே கம்பியாக வெல்டு செய்திருந்தால், எஞ்சின் ஆடும் ஒவ்வொரு முறையும் ஃபிளேஞ்ச் வெல்டு முறுக்கப்பட்டு விரிசல் விடும்.

சீல் பேஸ்ட், சிலிக்கான் எதையும் சென்சார்களுக்கு முன்னால் தடவ வேண்டாம். சாதாரண சிலிக்கான் ஆவி சென்சார் முனையில் வெள்ளைப் படலமாகப் படிந்து அதைக் கொன்றுவிடும். எக்ஸாஸ்ட் பேஸ்ட்டின் இடம் பின் சென்சாருக்கு அப்பால் உள்ள செருகு இணைப்புகள்.

பானெட்டுக்குள் கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது. காருக்குள் காற்று எடுக்கும் வழி கண்ணாடிக்கு முன்னால், ஹெட்டர் இருக்கும் அறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சரிசெய்யும் வரை நெரிசலில் நின்றுகொண்டு ஏசி போட்டு உட்கார்ந்திருக்காதீர்கள், மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓட விடாதீர்கள். விளக்கைவிட இது அவசரம்.

சென்சாரும் வயரும்

கசிவு இல்லை, அல்லது கசிவை மூடியும் ட்ரிம் இறங்கவில்லை என்றால், முன் சென்சார் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். நான்கு குழாயும் சேர்ந்த இடத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஏதாவது ஒரு தனிக் குழாயில் போஸ் பற்றவைத்திருந்தால், அது ஒரே சிலிண்டரின் புகையை வைத்து நான்குக்கும் பெட்ரோல் கணக்குப் போடும். இந்தத் தவறு நடப்பதுண்டு, கண்டுபிடிக்காமல் சென்சார் சென்சாராக மாற்றிக்கொண்டிருப்பார்கள். கம்பெனி மேனிஃபோல்டில் எஞ்சின் தலையை ஒட்டி இருந்த சென்சார், 4-2-1-இல் அரை மீட்டர் கீழே போய்விடும். அங்கே சூடு குறைவு, சென்சாரின் உள் ஹீட்டர் முழுதாக வேலை செய்தாக வேண்டும். ஹீட்டர் பலவீனமானால் பி0133 அல்லது பி0135 வரும். கப்ளரைக் கழற்றி ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வயருக்கு நடுவில் மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். கார் வகைக்கு ஏற்ப 2 முதல் 15 ஓம் வரை இருக்கும். தொடர்பே இல்லை என்று காட்டினால் ஹீட்டர் போய்விட்டது. ஓம் சரியாக இருந்தால் ஃபியூஸைப் பாருங்கள். வயர் சூடான குழாயில் பட்டு உருகி பாடியில் ஷார்ட் ஆனால் முதலில் போவது ஃபியூஸ்தான்.

கோடின் எண்ணே பாதி விடை சொல்லும். பி0130-இல் தொடங்கி பி0135 வரை முன் சென்சார், பி0136-இல் தொடங்கி பி0141 வரை பின் சென்சார். பி0141 மட்டும் வந்தால் அது பின் ஹீட்டரின் மின்சுற்று, கேட்கானைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை. சில கார்களில் முன், பின் கப்ளர்கள் ஒரே வடிவத்தில் இருக்கும், மாற்றிச் செருகினால் எஞ்சின் தறிகெட்டு ஓடும், ட்ரிம் ஒரு பக்க எல்லைக்கே போய் நிற்கும்.

வயர் எட்டாவிட்டால் நீட்டுவார்கள். இங்கே ஒரு நுணுக்கம். சாதாரண ஜிர்கோனியா சென்சார் புகையை வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறது. அந்த வெளிக்காற்று பெரும்பாலான சென்சார்களில் வயரின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகவே உள்ளே போகிறது. ஈயம் வைத்துப் பற்றவைத்தால், அல்லது கப்ளருக்குள் கிரீஸ் திணித்தால் அந்த மூச்சு அடைபடும், வோல்டேஜ் தாழ்ந்துகொண்டே போகும். ஆகவே கிரிம்ப் செய்த இணைப்பு, மேலே ஹீட் ஷ்ரிங்க் உறை, அவ்வளவுதான். அந்தக் காருக்கென்று கப்ளரோடு வரும் நீட்டிப்பு வயர் கிடைத்தால் இன்னும் நல்லது.

சென்சார் மரை 18 மி.மீ., பிட்ச் 1.5. ஸ்பேனர் 22. டார்க் 40 முதல் 50 நியூட்டன் மீட்டர். மரைக்கு மட்டும் ஆன்டி சீஸ், முனையில் ஒரு துளியும் படக்கூடாது. கப்ளரைக் கழற்றாமல் சென்சாரைச் சுற்றினால் வயர் உள்ளுக்குள் முறுக்கி அறுந்துவிடும். போஸ் கிடைமட்டத்துக்குக் குறைந்தது 10 டிகிரி மேலே சாய்ந்திருக்க வேண்டும், கீழ்நோக்கி இருந்தால் காலை நேரத்தில் குழாயில் தேங்கும் தண்ணீர் சூடான பீங்கான் முனையில் பட்டு அது வெடித்துவிடும். காரிலேயே வைத்து வெல்டு செய்தார்கள் என்றால், பேட்டரி நெகட்டிவைக் கழற்றினார்களா, சென்சார்களை எடுத்துவிட்டார்களா என்று கேளுங்கள்.

இனி கேட்கான்

கசிவு இல்லை, ட்ரிம் சரி, இரண்டு சென்சாரும் நலம் என்று உறுதியானபின் பி0420 திரும்பி வந்தால்தான் கேட்கானைச் சோதிக்க வேண்டும். 15 நிமிடம் ஓட்டிச் சூடேற்றி, 2,500 ஆர்.பி.எம்.-இல் பிடித்து, செயலியில் முன், பின் சென்சார் இரண்டின் வோல்டேஜ் வரைகோடுகளை மட்டும் திறங்கள். மலிவான அடாப்டரில் பத்து அளவுகளை ஒன்றாகத் திறந்தால் ஒவ்வொன்றும் வினாடிக்கு ஒருமுறைகூடப் புதுப்பிக்காது, வேகமான அலை நேர்கோடாகத் தெரிந்து ஏமாற்றும். பின் வரைகோடு ஏறக்குறைய நேராக இருந்தால் கேட்கான் நலம். முன் வரைகோட்டின் நிழல் போல அதே வேகத்தில் ஏறி இறங்கினால் சேமிப்புத் திறன் இல்லை.

இன்னொரு சோதனை இதைவிடத் தெளிவானது. காலியான சாலையில் மூன்றாம் கியரில் 3,000 ஆர்.பி.எம்.-இல் இருந்து ஆக்ஸிலரேட்டரை முழுதாக விடுங்கள். பெட்ரோல் நின்று இரண்டு சென்சாரும் 0.1 வோல்ட் அருகே விழும். ஐந்தாறு வினாடிக்குப்பின் மெல்ல மிதியுங்கள். முன் சென்சார் உடனே எழும். நல்ல கேட்கான் என்றால் நிரம்பியிருக்கும் ஆக்ஸிஜன் தீரும் வரை பின் சென்சார் சில வினாடி கீழேயே கிடந்து பிறகு எழும். இரண்டும் கிட்டத்தட்ட சேர்ந்தே எழுந்தால் நடுவில் இருப்பது வெறும் குழாய், அல்லது அதற்குச் சமமான ஒன்று. ஓட்டுபவர் திரையைப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பதிவுசெய்யட்டும்.

உங்கள் 200 செல் கேட்கான் இந்தச் சோதனையில் தோற்க வாய்ப்பு அதிகம். செல் என்பது ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை துளை என்ற கணக்கு. கம்பெனி கேட்கான்கள் பெரும்பாலும் 400, 600 செல், எஞ்சினை ஒட்டியே இருக்கும். துளை குறைந்தால் பூச்சு படியும் பரப்பும் குறைகிறது, ஆக்ஸிஜன் சேமிப்பும் குறைகிறது. போதாததற்கு ஹெட்டருக்கு அப்பால் தள்ளிப் போய்விட்டதால் சூடும் குறைவு. கேட்கான் வேலை தொடங்கவே 250, 300 டிகிரி வேண்டும். ஆக, பொருள் புதிதாக, பழுதில்லாமல் இருந்தும் ஈ.சி.யூ.வின் தேர்வில் அது தேறாது.

ஸ்பேசர் என்ன செய்கிறது? பின் சென்சாரைப் புகையோட்டத்திலிருந்து இரண்டு அங்குலம் வெளியே இழுத்து, அதன் துடிப்பை மந்தமாக்குகிறது. கேட்கான் அப்படியே இருக்கிறது, புகை அப்படியே போகிறது, காவல்காரனின் கண் மட்டும் கட்டப்படுகிறது. அதுவும் பல கார்களில் நிலைப்பதில்லை. பின் சென்சாரைக் கொண்டும் கலவையைச் சிறிது திருத்தும் ஈ.சி.யூ.க்களில் அந்த மந்தம் பி0139, பி2096 என்று வேறு கோடுகளாகத் திரும்பி வரும். ரீமேப்பில் பி0420-ஐ அணைப்பதும் இதே வேலைதான். நாளைக்கு ஒரு பிளக் மிஸ்ஸாகி கேட்கான் உருகி அடைத்துக்கொண்டாலும் இந்தக் கோடு வந்து சொல்லாது. ஹெட்டருக்கு ஏற்ப பெட்ரோல், இக்னிஷன் அட்டவணையைச் சரிசெய்யும் ரீமேப் வேறு, கண்காணிப்பை அணைப்பது வேறு. கடையில் இரண்டையும் ஒரே பெயரில் விற்பார்கள், கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப்பின் 190(2) பிரிவின்கீழ் சத்தம், காற்று மாசு அளவுகளை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். புகைச் சோதனையில் பி.எஸ்.4 பெட்ரோல் காருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். எல்லை. 2,500 ஆர்.பி.எம். அருகே கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதம், லாம்டா 0.97 முதல் 1.03. அந்தச் சீட்டைக் கண்டறியும் கருவியாகவும் பயன்படுத்தலாம். ட்ரிம் சரியாக இருந்து லாம்டா மட்டும் 1.03-ஐத் தாண்டினால், முன் சென்சாருக்குப் பின்னால் எங்கோ காற்று நுழைகிறது.

ஆகவே உண்மையான தீர்வு, 200 செல்லை எடுத்துவிட்டு உங்கள் எஞ்சின் அளவுக்கு ஏற்ற 400 செல் மூவழிக் கேட்கானை, முடிந்தவரை கலெக்டரை ஒட்டி, ஃப்ளெக்ஸுக்கு முன்னாலேயே பற்றவைப்பது. பின் சென்சார் போஸ் கேட்கான் முடிந்த உடனே வர வேண்டும். கம்பெனி கேட்கான் கையில் இருந்து, அது காரில் இருந்தபோது விளக்கு எரியாமல் இருந்திருந்தால், அதைத் திரும்பப் போட்டு, பின்னால் உள்ள ஃப்ரீ ஃப்ளோ குழாயை மட்டும் வைத்துக்கொள்வது எனக்கு இன்னும் சரியாகப் படுகிறது. டர்போ இல்லாத 1.5 லிட்டர் எஞ்சினில் ஹெட்டரால் கிடைக்கும் சக்தி, இத்தனை அலைச்சலுக்கு ஈடாகாது.

டர்போ கார்களில் டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் புகைக் குழாய்) மாற்றினால் இதே பி0420-ஓடு பி0234 என்ற ஓவர்பூஸ்ட் கோடும் வரலாம். புகைக்கு எதிர்ப்பு குறைந்து டர்போ வேகமாகச் சுற்றுவதால் வருவது அது, அதற்கு பூஸ்ட் கட்டுப்பாட்டைப் புதிதாக அமைத்தாக வேண்டும். டீசலில் டி.பி.எஃப். (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) எடுத்துவிட்டு வரும் பி2002-க்கு டி.பி.எஃப்.-ஐத் திரும்பப் பொருத்துவதைத் தவிர நேர்மையான வழி இல்லை.

வேலை முடிந்ததும் ஒரே ஒருமுறை கோடை அழியுங்கள். அழித்ததும் ட்ரிம் நினைவும் தயார்நிலைச் சோதனைகளும் பூஜ்ஜியமாகும். இரவு முழுக்க நிறுத்தி, காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் ஐட்லிங், பிறகு 60 முதல் 80 கி.மீ. வேகத்தில் பத்து நிமிடம் சீராக, நடுவில் இரண்டு மூன்று முறை பிரேக் தொடாமல் ஆக்ஸிலரேட்டரை விட்டு வேகம் குறைய விடுங்கள். இதை மூன்று நாள் செய்தபின் செயலியில் 'கேட்டலிஸ்ட்', 'ஆக்ஸிஜன் சென்சார்' மானிட்டர்கள் முடிந்ததாகக் காட்டுகிறதா பாருங்கள். அவை முடியாத வரை விளக்கு எரியாதது எதையும் நிரூபிக்காது. முடிந்திருந்தால் சோதனை முடிவுகளைக் காட்டும் மோடு 6 பக்கத்துக்குப் போய், மானிட்டர் எண் 21, அதாவது முதல் பேங்க் (சிலிண்டர் வரிசை) கேட்டலிஸ்ட் சோதனையில் வந்த அளவையும் அதன் எல்லையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லையிலிருந்து நன்றாகத் தள்ளி நின்றால் வேலை முடிந்தது. எல்லையை உரசிக்கொண்டு தேறியிருந்தால் அடுத்த மழைக்காலத்துக் குளிரிலோ, கேட்கான் இன்னும் கொஞ்சம் பழையதானபிறகோ விளக்கு திரும்ப எரியும். அந்த எண்ணைத் தேதியோடு எழுதி வைத்து, 5,000 கி.மீ.-க்கு ஒருமுறை மறுபடி படித்துப் பாருங்கள்.